கத்தியில் ஐரோப்பிய முத்திரை: பிறந்த ஊர் எது?

பழைய இந்தோனேசியக் கத்தியில் ஐரோப்பிய முத்திரை இருந்தாலே அது ஐரோப்பாவில் செய்தது என்று சொல்லிவிட முடியாது. முத்திரை உண்மையானதாக இருந்தாலும் அது அலகுக்கு மட்டுமே சாட்சி. அங்கிருந்து கப்பலேறி வந்த அலகுக்கு ஜாவாவிலோ சுமத்ராவிலோ உள்ளூர்ப் பிடியும் உறையும் போட்டது உண்டு.

அதிகம் தேடப்படுவது 'வி.ஓ.சி.' முத்திரை. இது நம் கப்பலோட்டிய தமிழர் அல்ல. 1602 முதல் 1799 வரை இருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. 'வி'யின் இரு கால்களிலும் 'ஓ', 'சி' கோத்திருக்கும். மேலே 'ஏ' இருந்தால் ஆம்ஸ்டர்டாம் கிளை. நல்ல விலை கிடைப்பதால் போலியும் இதில்தான் அதிகம். அலகெல்லாம் தேய்ந்திருக்க, முத்திரையின் ஓரம் மட்டும் கூராக இருந்தால் நம்ப வேண்டாம்.

ஓடும் ஓநாய் ஜெர்மனியின் பாசாவ், சோலிங்கன் கொல்லர்களின் குறி. பிறரும் அதைக் காப்பியடித்தார்கள். 'ஹெம்புருக்' என்றால் நெதர்லாந்து அரசின் ஆயுதச்சாலை. டச்சுக் காலனிப் படையின் 'கெலேவாங்' வாள்களில் காணலாம்.

கெரிஸில் தெரியும் 'பாமோர்' வரிகள் உள்ளூர்க் கொல்லர் இரும்பை அடுக்கி அடித்ததன் அடையாளம். அதன்மேல் ஐரோப்பிய முத்திரை இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

வீட்டில் பழைய பாராங் கிடந்தால் மணல்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். துருவோடு முத்திரையும் போய்விடும்.