கப்பற்சீட்டும் வானூர்திச்சீட்டும்

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு நம் முன்னோர் வந்த கப்பல்களில் வகுப்பு என்பது இடத்தைக் குறித்தது. செல்வர்க்கு அறை, ஏழையர்க்குத் தளம். 1926இல் கட்டப்பெற்று 1973 வரை ஓடிய ‘ரஜூலா’வின் பயணிகளுள் மிகப் பெரும்பாலோர் தளப் பயணிகளே. 1907ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தமிழர் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிமாரிடம் திரட்டிய பணத்தைக் கொண்டு தொழிலாளரின் கப்பற்கட்டணத்தைச் செலுத்தியது.  1938இல் இந்திய அரசு இவ்வாறு உதவிபெற்றுக் குடிபெயர்வதைத் தடைசெய்தது.

வானூர்திக் காலத்தில் வகுப்பு என்னும் சொல்லின் பொருள் விரிந்தது. அமெரிக்காவில் 1978இல் கட்டணக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் சட்டம் வந்தபின், ஒரே பகுதியின் இருக்கைகளைப் பல கட்டண வகுப்புகளாகப் பகுத்து விற்கும் முறை வளர்ந்து உலகெங்கும் பரவிற்று. ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் எழுத்து. ஒவ்வொன்றுக்கும் வரையறுத்த எண்ணிக்கையில் இருக்கைகள். மலிவானவை தீர்ந்ததும் அடுத்த விலைக்குரியவை விற்பனையாகும். பதிவாகும் வேகத்தைக் கண்டு நிறுவனம் அவ்வெண்ணிக்கையைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும்.

2024 டிசம்பரில் பினாங்குக்கும் சென்னைக்கும் நேரடி வானூர்திச் சேவை தொடங்கியது. இத்தகைய பயணத்தில் அருகருகே அமர்ந்த இருவர் வெவ்வேறு விலை கொடுத்திருக்கலாம். பொங்கலுக்கு ஊர் செல்லப் பல மாதங்களுக்கு முன்பே பதிவுசெய்தவர் பெரும்பாலும் குறைவாகக் கொடுப்பார். தாயின் இறப்புச் செய்தி கேட்டு உடனே புறப்பட்டவர் மிகுதியாகக் கொடுப்பார். அன்று பொருளின்மை இடத்தைத் தீர்மானித்தது; இன்று அவகாசமின்மை விலையை உயர்த்துகிறது. சீட்டின் விலையை ஆராயும் மாணவர், அதைத் தாங்குபவர் யார் என்பதையும் ஆராய்தல் வேண்டும்.