சுட்டாத விரல்

ஆட்டிசத்தின் முதல் அறிகுறிகளைத் தேட வேண்டிய இடம் மருத்துவமனை அல்ல, வீடும் அங்கன்வாடியும்தான். கடந்த எண்பது ஆண்டு வரலாறு இதைத்தான் சொல்கிறது. 1943-இல் அமெரிக்க மருத்துவர் லியோ கன்னர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோது, அவர் தந்த விவரங்களில் பெரும்பகுதி பெற்றோர் சொன்னவை. ஆனால் அடுத்த கால் நூற்றாண்டில் அந்தப் பெற்றோரே குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். தாயிடம் பாசம் இல்லாததால்தான் பிள்ளை ஒடுங்கிப்போனது என்ற கொடுமையான வாதத்தை 1967-இல் புரூனோ பெத்தல்ஹைம் புத்தகமாகவே எழுதினார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட் அதை மறுத்து, காரணம் உடல் சார்ந்தது என்று வாதிட்டிருந்தார். 1994-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதல் பிறந்தநாள் வீடியோக்களை வாங்கிப் பார்த்தார்கள். பின்னாளில் ஆட்டிசம் என்று கண்டறியப்பட்ட 11 குழந்தைகள், அப்படி இல்லாத 11 குழந்தைகள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவது, அடுத்தவர் முகத்தைப் பார்ப்பது, பொருளை எடுத்துக் காட்டுவது, விரலால் சுட்டுவது ஆகிய நான்கிலும் வித்தியாசம் தெரிந்தது. காக்காயைப் பார்த்த குழந்தை அதை விரலால் காட்டிவிட்டு, 'நீயும் பார்த்தியா' என்பதுபோல அம்மா முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வை வராததைக் கவனிக்க எந்தக் கருவியும் வேண்டாம்.

தமிழ்நாட்டில் இந்த அறிவு சென்னைக்கு வந்த அளவுக்குக் கொள்ளிடக் கரைக்கு வரவில்லை. வளர்ச்சி பின்தங்கிய சின்னஞ்சிறு குழந்தைகளுக்காகச் சென்னையில் மதுரம் நாராயணன் மையம் தொடங்கியது 1989-இல். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைச் சொன்னது. அதில் ஆட்டிசம் இல்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் பெயரைச் சேர்த்தது. முழு உரிமைக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2013-இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டம், மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வரவும், மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் அமையவும் வழிசெய்தது. பெரம்பலூரிலிருந்து பிரிந்து 2007-இல் நிலைபெற்ற அரியலூர் மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது 2022-இல்தான். அந்த மாவட்டத்தின் திருமானூர் ஒன்றியத்துக் குழந்தையை ஆண்டுக்கு இருமுறை பார்ப்பவர் குழு மருத்துவர். அன்றாடம் பார்ப்பவர் அங்கன்வாடிப் பணியாளர். இவர்களில் யார் முதலில் கவனிக்க முடியும் என்பதில் ஐயமே வேண்டாம்.

'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார், அவசரப்பட்டுப் பிள்ளைக்கு முத்திரை குத்தாதே' என்று பெரியவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. தாமதமாகப் பேசும் எல்லாக் குழந்தைக்கும் ஆட்டிசம் இல்லை. ஆனால் சோதித்துப் பார்ப்பது வேறு, ஆட்டிசம் என்று முடிவு கட்டுவது வேறு. தவறான சந்தேகத்தால் குழந்தைக்குக் கிடைப்பது கூடுதல் விளையாட்டும் பேச்சும்தான். காத்திருந்தால் போவது திரும்பாத ஆண்டுகள். நிபுணர் இல்லாத ஊரில் கண்டுபிடித்து என்ன பயன் என்பது இதைவிடக் கனமான கேள்வி. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நிபுணர் அல்லாத பணியாளர்கள் பெற்றோருக்குப் பயிற்சி தந்த ஆய்வு 2016-இல் வெளியானது. குழந்தையின் போக்கறிந்து பெற்றோர் பதில் தருவதும், குழந்தை தானே தொடர்பாடலைத் தொடங்குவதும் கூடின. எல்லாம் சரியாகிவிட்டது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. கிராமத்திலும் தொடங்க முடியும் என்பதற்கு அது போதும். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை ஒன்றிய அரசே 2023 நவம்பரில் வெளியிட்டுவிட்டது. பணியாளருக்கு அதற்கான பயிற்சியும் நேரமும் தருவது அரசின் கடமை.

ஒன்றரை வயதாகியும் உங்கள் பிள்ளை விரலால் எதையும் சுட்டவில்லை, பெயர் சொன்னால் திரும்பவில்லை என்றால், அடுத்த பிறந்தநாள் வரை பொறுக்காதீர்கள். இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குச் சீட்டு எழுதித் தரக் கேளுங்கள்.