சொத்து மதிப்பீட்டாளரும் அவர்தம் ஆசிரியரும்

வீடு ஒன்றின் விலையை விற்பவர் உயர்த்திச் சொல்வார். வாங்குபவர் தாழ்த்திக் கேட்பார். கடன் கொடுக்கும் பாங்கோ தன் பணம் திரும்புமா என்ற கவலையில் இருக்கும். இம்மூவருள் எவரையும் சாராது, 'இதன் மதிப்பு இவ்வளவு' என்று எழுதிக் கையொப்பமிட ஒருவர் வேண்டும். அவரே சொத்து மதிப்பீட்டாளர். அவருடைய நடத்தைக்கு விதிகள் வகுக்கும் முயற்சி ஐக்கிய அமெரிக்காவில் எவ்வாறு நடந்தது என்பதை ஆராயுமிடத்து, வியப்பான ஓர் உண்மை புலனாகின்றது. விதிகள் ஒரு வாயிலைக் காத்துக்கொண்டிருந்தபோது, கேடு வகுப்பறை வழியாக உள்ளே வந்தது.

1929-ஆம் ஆண்டின் பெரும் பொருளாதார வீழ்ச்சிக்குமுன், நிலத்தின் மதிப்பைச் சொல்வது பெரும்பாலும் தரகர்களின் உபதொழிலாகவே இருந்தது. வீழ்ச்சி வந்தது, ஈடு வைத்த வீடுகள் ஆயிரக்கணக்கில் கடன்காரர் கைக்குப் போயின. கண்டபடி எழுதப்பட்ட மதிப்புகள் எவ்வளவு பொய்யானவை என்பது அப்போது வெட்டவெளிச்சமாயிற்று. 1932-இல் சிக்காகோ நகரில், தேசிய மனைவணிகக் கழகங்களின் சங்கத்துடைய ஆதரவில், அமெரிக்கச் சொத்து மதிப்பீட்டாளர் கழகம் நிறுவப்பட்டது. அது பட்டம் வழங்கியது; ஏடு நடத்தியது; பாடம் சொல்லிக் கொடுத்தது; ஒழுக்க விதிகளையும் வகுத்தது. சொன்ன மதிப்பின் அளவுக்கேற்பக் கூலி வாங்குதல் தகாது என்பது அத்தொழிலின் தலையாய விதிகளுள் ஒன்றாயிற்று. நல்ல விதிதான். பத்தாயிரம் டாலர் என்று எழுதினால் நூறும், இருபதாயிரம் என்று எழுதினால் இருநூறும் கிடைக்குமாயின், எவர் கை பத்தாயிரத்தில் நிற்கும்?

ஆயினும், தாய்ச் சங்கத்தின் 1924-ஆம் ஆண்டு ஒழுக்க விதித்தொகுப்பில் வேறொரு விதியும் இருந்தது. ஒரு வட்டாரத்தின் சொத்து மதிப்பைக் கெடுக்கக்கூடிய இனத்தவரையோ நாட்டினரையோ அங்கே குடியேற்றத் தரகர் துணைபோகலாகாது என்பது அது. இதனை ஒழுக்கம் என்ற தலைப்பின் கீழ் எழுதினார்கள் என்பதை வாசகர்கள் கருதிப் பார்க்க வேண்டும். இனம், நாட்டினம் என்ற சொற்கள் 1950-இல்தான் அவ்விதியிலிருந்து நீக்கப்பட்டன.

பாடநூல்களும் இவ்வழியே சென்றன. பிரடரிக் பாப்காக் 1932-இல் வெளியிட்ட நூலில், மக்களிடையே உள்ள பிற வேற்றுமைகளால் விலை மெல்லவே இறங்கும் என்றும், இன வேற்றுமை ஒன்றே விலையை விரைந்து வீழ்த்த வல்லது என்றும் எழுதினார். அடுத்த ஆண்டு ஓமர் ஆயிட் சிக்காகோவின் நூறாண்டு நில மதிப்பைப் பற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டார். அதில் ஒரு தரவரிசைப் பட்டியல் உள்ளது. ஆங்கிலேயர், செருமானியர் முதலானோர் உச்சியில். போலந்தியர், கிரேக்கர் போன்றோர் இடையில். கறுப்பினத்தவரும் மெக்சிக்கரும் அடியில். நகரத்துத் தரகர் ஒருவர் சொன்னதாகவே இதனைக் குறித்த ஆயிட், இது அறிவியலுக்குப் பொருந்தாததாக இருக்கலாம் என்றும், சந்தையில் நிலவும் தப்பெண்ணத்தைக் காட்டுவதே என்றும் சொல்லித்தான் வைத்தார். ஆனால் பட்டியலை எடுத்துக்கொண்டவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். நூலைப் படியெடுப்போர் வழக்கம் எங்கும் இதுதான் போலும்!

1934-இல் அமைக்கப்பட்ட கூட்டரசு வீட்டு நிர்வாகத்தில் இவ்விருவருமே பணியாற்றினர். வீட்டுக் கடனுக்கு அரசாங்கம் காப்புறுதி அளிப்பதற்கான அதன் கையேடு, ஒரு வட்டாரம் நிலைபெற வேண்டுமானால் அங்கு ஒரே சமுதாய, இன வகுப்பினரே தொடர்ந்து வாழ வேண்டும் என்று கூறியது. ஒருவருடைய கருத்து பாடமாகி, பாடம் அரசாங்க ஆணையாகிவிட்டது.

இதன் விளைவைச் சற்று நின்று நோக்குவோம். கறுப்பினக் குடும்பம் ஒன்று ஒரு தெருவில் வீடு வாங்குகிறது. மதிப்பீட்டாளர் தாம் கற்றபடி அத்தெருவின் மதிப்பைக் குறைத்து எழுதுகிறார். அதைக் கண்ட பாங்கு அங்கே கடன் கொடுக்க மறுக்கிறது. கடன் கிடைக்காததால் வாங்குவோர் குறைகின்றனர், விலை இறங்குகிறது. மறுமுறை வரும் மதிப்பீட்டாளர், 'நான் அன்றே சொன்னேன் அல்லவா?' என்கிறார். இதில் கைக்கூலி இல்லை; கள்ளக் கணக்கு இல்லை. ஒழுக்க விதிகளுள் ஒன்றையும் அவர் மீறவில்லை. கூலிக்காக வளையாத நேர்மையாளர்களே இவ்வநீதியைச் செய்தார்கள் என்பதுதான் இவ்வரலாற்றின் துயரமான பகுதி.

பாடம் உண்மைதானா என்று எவரும் சோதிக்கவில்லையா? சோதித்தார்கள். 1960-இல் லூய்கி லாரெண்டி என்பார் தம் ஆய்வை வெளியிட்டார். கறுப்பினத்தவர் குடியேறிய வட்டாரங்களின் விலைகளை, வெள்ளையர் மட்டுமே வாழ்ந்த ஒத்த வட்டாரங்களின் விலைகளோடு அவர் ஒப்பிட்டார். 41 விழுக்காட்டு ஒப்பீடுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 44 விழுக்காட்டில் விலை ஏறியிருந்தது. 15 விழுக்காட்டில்தான் இறங்கியிருந்தது. முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்த பாடத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. எனினும் பாடம் மாறவில்லை.

1968-இல் வீட்டுவசதிச் சமநீதிச் சட்டம் வந்தது. 1976 ஏப்ரலில் அமெரிக்க நீதித்துறை, மதிப்பீட்டாளர் அமைப்புகள் இரண்டின்மீதும் கடன் கொடுப்போர் அமைப்புகள் இரண்டின்மீதும் சிக்காகோவில் வழக்குத் தொடுத்தது. குற்றம் சாட்டப்பட்டது ஏதோ ஒரு வீட்டின் மதிப்பன்று. கற்பித்த பாடமும் கடைப்பிடித்த அளவுகோலுமே குற்றக் கூண்டில் நின்றன. 1977-இல் மதிப்பீட்டாளர் கழகம் உடன்பாட்டுக்கு வந்தது. ஒரே இனத்தவர் வாழ்ந்தால்தான் ஒரு வட்டாரம் உயர்ந்த மதிப்புப் பெறும் என்ற அடிப்படையில் முடிவு செய்தல் முறையற்றது என்றும், இனமும் சமயமும் விலைப்போக்கைக் கணிக்க நம்பத்தகாதவை என்றும் அது ஒப்புக்கொண்டது. பாடங்களையும் நூல்களையும் அதற்கேற்பத் திருத்தவும் இசைந்தது. லாரெண்டியின் நூலுக்கும் இவ்வுடன்பாட்டுக்கும் இடையே பதினேழு ஆண்டுகள். அதற்குள் எத்தனை வகுப்புகள், எத்தனை மாணவர்கள்!

அடுத்து வந்த சோதனை பழைய வாயில் வழியாகவே வந்தது. 1980-களில் சேமிப்புக் கடன் சங்கங்கள் சரிந்தன. 1986 முதல் 1995 வரை 1,043 சங்கங்கள் வீழ்ந்தன. வரி செலுத்துவோர் தலையில் விழுந்த சுமை ஏறத்தாழ 12,400 கோடி டாலர். கடனுக்கேற்ப ஊதப்பட்ட மதிப்பறிக்கைகளும் இவ்வீழ்ச்சிக்கு ஒரு காரணம் என்பது நாடாளுமன்றக் குழுவின் விசாரணையில் வெளிப்பட்டது. 1987-இல் மதிப்பீட்டு அறநிறுவனம் தோன்றியது. 1989-இல் பொதுத் தர விதிகள் ஏற்கப்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்டில் வந்த சட்டம் அவற்றுக்கு அரசாங்க வலிமையைத் தந்தது. மாநிலங்கள் உரிமம் வழங்கலாயின. முன்கூட்டி முடிவு செய்த மதிப்புக்கு உடன்படலாகாது. வாடிக்கையாளரின் மறையைக் காக்க வேண்டும். வேலைக்கோப்பை ஐந்தாண்டுகளேனும் வைத்திருக்க வேண்டும்.

பழைய அனுபவம் வீண்போகவில்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. இத்தர விதிகளைக் கற்பிப்பவர் எவராயினும் ஆகலாம் என்று விட்டுவிடவில்லை. அவர் மாநிலச் சான்று பெற்ற மதிப்பீட்டாளராக இருத்தல் வேண்டும். பயிற்சி பெற்றுத் தேர்விலும் தேறியிருத்தல் வேண்டும். தம் மனம்போன பாடத்தை அன்றி, நாடு முழுமைக்கும் பொதுவான பாடத்தையே நடத்த வேண்டும். தொழிலில் புகுவோருக்கு 15 மணி நேரமும், தொழிலில் உள்ளோருக்கு ஈராண்டுக்கொருமுறை 7 மணி நேரமும் அப்பாடம் விதிக்கப்பட்டது.

இனப் பாகுபாட்டை மறுக்கும் தனிப்பகுதி ஒன்று அப்பொது விதிகளின் ஒழுக்கப் பிரிவில் இடம்பெற்றது 2024 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த பதிப்பில்தான். பாப்காக்கின் நூல் வெளிவந்து அப்போது 92 ஆண்டுகள் ஆகியிருந்தன.