ஓர் இளங்கழகத்தின் எழுச்சி: பெங்களூர்க் கால்பந்தாட்டம் நமக்குக் கூறும் செய்தி

கல்விப் பணிக்கென்றே தோன்றிய ஒரு சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் கால்பந்தாட்டக் கழகத்தின் வரலாற்றுக்கு என்ன இடம் என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. எனினும், நம் இளைஞர்களுள் மாலை நேரத்தில் பந்தைத் தேடாதவர் சிலரே. அவர்தம் உள்ளம் எங்கு செல்கிறதோ அங்கிருந்தே அவர்களுடன் உரையாடலைத் தொடங்குவது முறை என்று நாம் கருதுகிறோம். மேலும், இங்கு நாம் எடுத்துக்கொண்ட கழகம் தோன்றிய நகரத்தில், அந்த ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வளர்த்தவர்களுள் நம் மக்களும் உண்டு. ஆகவே இது பிறர் கதை மட்டுமன்று.

2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெங்களூர் எஃப்.சி. என்னும் கழகம் நிறுவப்பெற்றது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அது இந்தியாவின் தேசிய லீக் சாம்பியன் ஆயிற்று. பிறந்த ஆண்டிலேயே முடிசூடிய இக்கழகத்தைக் கண்டு நாடு வியந்தது. ஆனால் வரலாற்றைக் கற்பவர் வியப்புடன் நின்றுவிடலாகாது. இந்த எழுச்சி எந்த நிலத்தில் விளைந்தது, எந்த முயற்சியால் விளைந்தது, அதனால் பயன் பெற்றவர் யாவர் என்று கேட்டல் வேண்டும்.

பண்பட்ட நிலம்

பெங்களூரில் ஆங்கிலேயர் 1809ஆம் ஆண்டு தண்டுப் பகுதியை அமைத்தனர். படைக்கு வேண்டிய ஊழியங்களைச் செய்யவும், கட்டடங்களை எழுப்பவும், பாதைகளை அமைக்கவும் வடார்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ் மக்கள் பெருந்திரளாகச் சென்று குடியேறினர். அவர்களுள் நம்மவர் தொகை மிகுதி. மதராஸ் சாப்பர்ஸ் படையில் ஒடுக்கப்பட்ட சமூகத்தார் துணிவுடன் பணிபுரிந்ததும் வரலாறு. படைவீரர் வாழ்ந்த இடமெல்லாம் கால்பந்தும் வாழ்ந்தது. தண்டின் திடல்களில் வெள்ளையர் ஆடிய ஆட்டத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்த சிறுவர்கள், தம் சந்துகளில் அதனைத் தாமே ஆடக் கற்றனர்.

இங்கு ஒன்றை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அக்காலத்துக் கிரிக்கெட் ஆட்டம் மட்டையும் வெள்ளுடையும் மன்ற உறுப்பினர் பதவியும் கேட்டது. பல்வங்கர் பாலு என்னும் ஒப்பற்ற பந்து வீச்சாளர் 1911ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அத்தகையவருக்கும் தொடக்க காலத்தில் ஆட்ட இடைவேளையில் தேநீர் மண்குவளையில்தான் தனியே வழங்கப்பட்டது. இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குக் கிட்டவில்லை. அவர் தம்பி விட்டலுக்கே 1923இல் அது கிட்டியது. கால்பந்தோ ஒரு பந்தும், ஒரு துண்டு நிலமும், ஓடத் தெரிந்த கால்களும் மட்டுமே கேட்டது. காலணிகூட அன்று கட்டாயமாய் இருந்ததில்லை. ஏழையின் வாயிற்படி வரை வந்த ஆட்டம் அதுவே.

அல்சூரை அடுத்த கௌதமபுரம் இதற்குச் சான்று. தாழ்த்தப்பட்ட தமிழ் மக்கள் நெருங்கி வாழும் அப்பகுதியைக் 'குட்டி பிரேசில்' என்று நகரத்தார் அழைப்பர். அங்கே அண்ணல் அம்பேத்கர், புத்தர், அன்னை தெரேசா ஆகியோர் சிலைகளுடன் பிரேசில் நாட்டு வீரர் பெலேயின் சிலையும் நிற்கிறது. கறுப்பின ஏழைக் குடும்பத்தில் பிறந்து உலகின் மதிப்பை வென்ற ஒருவரைத் தம்முள் ஒருவராக அம்மக்கள் ஏற்றுக்கொண்டதன் பொருளை நாம் விளக்க வேண்டுவதில்லை.

வீரர்களை ஈந்த நகரம்

பெங்களூரின் கால்பந்துப் புகழ் நேற்று வந்ததன்று. 1937ஆம் ஆண்டு பெங்களூர் முஸ்லிம்ஸ் குழு பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. வெள்ளையர் படைக்குழுக்களே ஆண்டுதோறும் ஏந்தி வந்த அக்கோப்பையை வென்ற முதல் இந்தியக் குழு அதுவே. மறு ஆண்டும் அக்குழுவே வென்றது.

1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் விடுதலை பெற்ற இந்தியா முதன்முறையாகக் கால்பந்தாடியது. எதிரில் பிரான்சு. நம் வீரர்களுள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். கிடைத்த இரண்டு தண்ட உதைகளும் வீணாக, 1–2 என்ற கணக்கில் இந்தியா தோற்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் பெங்களூரின் சாரங்கபாணி ராமன். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அது. அதே அணியில் ஆடிய அகமது கான், தன்ராஜ் ஆகியோரும் பெங்களூரில் வளர்ந்தவர்களே.

மைசூர் மாநில அணி 1946–47, 1952–53, 1967–68, 1968–69 ஆகிய நான்கு முறை சந்தோஷ் கோப்பையை வென்றது. அவ்வணியின் முதுகெலும்பு பெங்களூர் ஆட்டக்காரர்களே. இவ்வளவு வளம் இருந்தும் அந்நகரில் நாடறிந்த பெருங்கழகம் ஒன்று நிலைபெறவில்லை. அகமது கானும் தன்ராஜும் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்குச் சென்று, அங்குப் 'பஞ்ச பாண்டவர்' என்று புகழப்பெற்ற ஐவருள் இருவராயினர். பிறரும் அவ்வாறே வெளியூர் சென்றனர். நாற்று இங்கே, அறுவடை அங்கே என்பதுதான் நெடுங்காலம் நிலவிய நிலை.

ஊரிலேயே தங்கியவர்களுக்குப் பொதுத்துறை நிறுவனங்கள் துணை நின்றன. விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல்., தொலைபேசித் தொழிற்சாலையான ஐ.டி.ஐ. போன்றவை தமக்கெனக் குழுக்களை நடத்தின. நன்றாக ஆடும் இளைஞருக்கு அங்கு வேலை கிடைத்தது. மாதச் சம்பளமும் மருத்துவ வசதியும் ஓய்வுக்காலப் பயன்களும் அவ்வேலையோடு வந்தன. தந்தை கூலியாய் இருந்த இல்லத்தில் மகன் தொழிற்சாலை ஊழியரானார். பேரப்பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். ஒரு பந்து மூன்று தலைமுறையை நகர்த்திய கதை இது.

பின்னர்க் காலம் மாறியது. பொதுத்துறையில் புதிய வேலைகள் சுருங்கின, குழுக்களும் நலிந்தன. 2011–12ஆம் பருவத்தில் எச்.ஏ.எல். குழு ஐ-லீக்கின் கடைசி இடத்தைப் பெற்றுத் தரமிறக்கம் கண்டது. அடுத்த பருவத்தில் நாட்டின் முதல்நிலை லீக்கில் பெங்களூரின் பெயரே இல்லை.

கழகத்தின் பிறப்பும் வளர்ச்சியும்

அவ்வெற்றிடத்தில்தான் 2013இல் புதிய கழகம் தோன்றியது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, ஐ-லீக்கில் நேரடியாக நுழைய விரும்பும் நிறுவனங்களிடம் விண்ணப்பம் கோரியது. எஃகுத் தொழிலில் பெயர் பெற்ற ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம் அவ்வுரிமையைப் பெற்றது. கீழ்நிலை லீக்குகளிலிருந்து படிப்படியாக ஏறி வரவேண்டிய தொல்லை இக்கழகத்துக்கு இல்லை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. வாயில் பணத்தால் திறந்தது. ஆனால் வாயிலைத் தாண்டிய பின் அவர்கள் செய்தவை பணத்தால் மட்டும் ஆனவை அல்ல.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஆஷ்லி வெஸ்ட்வுட் பயிற்சியாளராக அமர்ந்தார். படைவீரர் ஒருவரின் மகனாய்ச் செகந்திராபாத்தில் பிறந்த சுனில் சேத்ரி தலைமை ஏற்றார். உடல்தகுதி, உணவு, உறக்கம், நேரந்தவறாமை ஆகிய நான்கிலும் முன்பு இந்தியக் கழகங்களில் அரிதாயிருந்த ஒழுங்கு கடைப்பிடிக்கப்பட்டது. மலையாளி, மணிப்பூரி, பஞ்சாபி, இங்கிலாந்தார், ஆப்பிரிக்கர் எனப் பல நிலத்தார் ஒரே சட்டையை அணிந்தனர். முன்பு வீரர்களை வெளியே அனுப்பிய நகரத்துக்கு இப்போது வீரர்கள் வந்து சேர்ந்தனர்.

2013 செப்டம்பர் 22 அன்று பெங்களூர்க் கால்பந்து அரங்கில் மோகன் பகானுடன் முதல் ஆட்டம் 1–1 எனச் சமநிலையில் முடிந்தது. 2014 ஏப்ரல் 21 அன்று கோவாவில் டெம்போ கழகத்தை 4–2 என வென்றதும் பட்டம் உறுதியாயிற்று. 'வெஸ்ட் பிளாக் புளூஸ்' என்னும் ஆதரவாளர் கூட்டம் ஆட்டந்தோறும் பாடி முழங்கியது. கழகம் பின்னர் 20,000 பேருக்கு மேல் அமரத்தக்க ஸ்ரீ கண்டீரவா அரங்குக்கு மாறிய பின்னும் அம்முழக்கம் குறையவில்லை.

தோல்வியும் அவர்களைத் தேடி வந்தது. 2015 மே 31 அன்று பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால் பட்டம் பெங்களூருக்கு. சமநிலை போதும் மோகன் பகானுக்கு. பெங்களூர் ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் மோகன் பகானின் பெல்லோ ரசாக் தலையால் முட்டிய பந்து வலைக்குள் சென்றது. பட்டம் கைநழுவியது. அடுத்த ஆண்டே, 2016 ஏப்ரலில், அப்பட்டத்தை அவர்கள் மீட்டனர்.

அதே 2016இல் ஆசியக் கூட்டமைப்புக் கோப்பையின் அரையிறுதியில், முந்தைய ஆண்டின் வெற்றியாளரான மலேசியாவின் ஜோகூர் கழகத்தை அவர்கள் எதிர்கொண்டனர். அங்கு 1–1; இங்கு 3–1. அக்கோப்பையின் இறுதியாட்டத்துக்குச் சென்ற முதல் இந்தியக் கழகம் பெங்களூரே. நவம்பர் 5 அன்று தோகாவில் ஈராக்கின் விமானப்படைக் கழகத்திடம் 0–1 எனத் தோற்றபோதும் அப்பெருமை குன்றவில்லை.

2017இல் கழகம் இந்தியன் சூப்பர் லீக்கில் சேர்ந்தது. முதல் பருவத்தின் இறுதியாட்டத்தில், சொந்தத் திடலிலேயே, சென்னையின் எஃப்.சி.யிடம் 2–3 எனத் தோற்றது. மறு ஆண்டு, 2019 மார்ச் 17 அன்று, கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் ராகுல் பேகே அடித்த ஒரே கோலால் கோவாவை வென்று பட்டம் சூடியது. 1888இல் தொடங்கிய பழம்பெரும் தூரந்து கோப்பையை 2022இல் முதன்முறையாக வென்றது. அந்த இறுதியாட்டத்தின் முதல் கோலை அடித்தவர் காரைக்குடியை அடுத்த கண்டனூரைச் சேர்ந்த சிவசக்தி நாராயணன் என்னும் தமிழிளைஞர். கழகத்தின் இரண்டாம் அணியில் ஆடி, அங்கிருந்து முதல் அணிக்கு உயர்ந்தவர் அவர். கழகம் பெல்லாரியில் தங்கிப் பயிலும் பயிற்சிப் பள்ளியையும் நிறுவியது. இளையோருக்கான வளர்ச்சி லீக்கை அதன் இளம் அணி 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளும் வென்றது.

நாம் பெறும் பாடம்

இவ்வரலாற்றிலிருந்து நம் இளைஞர்கள் எதனைக் கொள்வது?

முதலாவது, திறமை நிலத்தடி நீர் போன்றது. அது நம் சேரிகளிலும் குடியிருப்புகளிலும் எந்நாளும் இருந்தது. ஆனால் கிணறு வெட்டுவாரின்றி அது தாகம் தீர்ப்பதில்லை. நூறாண்டுக் காலம் ஆட்டக்காரர்களை ஈந்த நகரம் பெறாத பட்டத்தை, ஒழுங்கான அமைப்பு ஒன்று ஓராண்டில் பெற்றுத் தந்தது. அமைப்பின் ஆற்றல் இத்தகையது. இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் செய்து வருவதும், கைப்பிடி அரிசியைச் சேர்ப்பதுபோல் சிறுசிறு உதவிகளைச் சேர்த்து அத்தகைய ஓர் அமைப்பைக் கட்டுவதேயாகும்.

இரண்டாவது, வாயில் எல்லார்க்கும் ஒரே அகலத்தில் திறப்பதில்லை. பழைய தொழிற்சாலைக் குழு, தெருவில் ஆடியவனைத் தேடிப்பிடித்து வேலை தந்தது. இன்றைய தொழில்முறை ஆட்டமோ சிறுவயதிலேயே முறையான பயிற்சியையும், நல்ல உணவையும், காலணியையும், பயணச் செலவையும் கேட்கிறது. வெறுங்காலுக்கு இடம் தந்த ஆட்டம் இன்று விலையுள்ளதாகிவிட்டது. இதனைக் கண்டு மனம் புழுங்குவதால் பயனில்லை. பத்து வயதுச் சிறுவனுக்கும் சிறுமிக்கும் வேண்டிய உணவும் திடலும் பயிற்சியும் கிடைக்க நாம் என்ன செய்கிறோம் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

மூன்றாவது, ஆட்டக்காரரின் வாழ்வு குறுகியது. நிறுவனங்களின் நிலையும் மாறக்கூடியது. 2025இல் லீக்கை நடத்தும் ஒப்பந்தம் குறித்த தகராறால் அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டுத் திங்களில் இதே பெங்களூர்க் கழகம் தன் முதல் அணியின் ஆட்டக்காரர்களுக்கும் அணி ஊழியர்களுக்கும் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்திவைப்பதாக அறிவித்தது. இளைஞர் அணிகளின் பயிற்சி தொடரும் என்றும் அது கூறியது. பட்டங்கள் பல பெற்ற கழகத்துக்கே இந்நிலை நேருமாயின், காலை மட்டும் நம்பிய ஏழை இளைஞனின் நிலை என்னாகும்? தொழிற்சாலைக் குழுவில் ஆடியவருக்கு ஆட்டம் ஓய்ந்த பின்னும் வேலை இருந்தது. இன்றைய ஆட்டக்காரருக்கு ஒப்பந்தக் காகிதம் மட்டுமே உண்டு. அக்காகிதத்தைப் படித்துப் பொருள் உணரும் கல்வியேனும் அவரிடம் இருத்தல் வேண்டாமா?

ஆதலின் நாம் பெற்றோரைக் கேட்டுக்கொள்வது இது: பந்தைப் பறித்துவிட்டுப் புத்தகத்தைத் திணிக்காதீர்கள். இளைஞர்களைக் கேட்டுக்கொள்வது இது: பந்தின் பொருட்டுப் புத்தகத்தைத் துறக்காதீர்கள். மாலையில் திடலில் நேரந்தவறாமல் நிற்கக் கற்றவனுக்கு இரவில் விளக்கின் முன் அமர்வதும் எளிதாகும். பயிற்சியாளர், நடுவர், உடலியக்க மருத்துவர், கணக்காளர், வழக்கறிஞர் எனக் கால்பந்தைச் சுற்றி இன்று எத்தனையோ தொழில்கள் உள்ளன. ஒரு கழகத்தில் பதினொருவரே களத்தில் ஆடுகின்றனர். அவர்களை ஆடவைப்போர் பலர். அவ்விருக்கைகளிலும் நம்மவர் அமர வேண்டும்.

கௌதமபுரத்தில் பெலேயின் சிலையும் அண்ணலின் சிலையும் ஒரே பகுதியில் நிற்பதை முன்னர்க் கூறினோம். அண்ணலின் கையில் என்றும் புத்தகம் உண்டு. பெலேயின் காலடியில் என்றும் பந்து உண்டு. அவ்வூரார் இவ்விருவருள் ஒருவரைத் தேர்ந்து மற்றவரை விலக்கவில்லை. நம் சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் பிள்ளைகளும் அவ்வாறே இரண்டையும் கைக்கொள்வார்களாக!