1815க்குப் பிறகு வந்தவர்களின் பொருட்கள்

பதுளை நூலக வளாகத்தில் நாலு பக்கமும் எழுத்துச் செதுக்கிய கல்தூண் ஒன்று நிற்கிறது. அது பதுளை நகரில் கிடைத்ததல்ல. மஹியங்கனைப் பக்கம் சொரபொர குளத்தருகே காட்டுக்குள் கிடந்ததை 1857இல் ஜோன் பெய்லி என்ற ஆங்கிலேய அதிகாரி கண்டெடுத்தார். அதன்பின்தான் அது பதுளைக்கு வந்து சேர்ந்தது.

தூணை நாட்டியவன் பத்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து ஆண்ட நான்காம் உதயன். பாண்டியன் இராசசிம்மன் இலங்கையில் விட்டுப்போன மணிமுடியைப் பராந்தக சோழன் கேட்டனுப்பியபோது, கொடுக்க மறுத்த அதே மன்னன். ஆனால் தூணில் உள்ளது போர்க்கதை அல்ல, ஒரு சந்தையின் வழக்கு. அதிகாரிகள் முறைகேடாகப் பணம் பிடுங்குவதாக ஹோபிட்டிகம வணிகரும் ஊராரும் மன்னனிடம் முறையிட்டிருக்கிறார்கள். ஊரைக் கடந்து மட்டும் போகும் சரக்குக்குத் தீர்வை வாங்கக்கூடாது, ஒப்புக்கொள்ளப்பட்ட எடைகளால்தான் நிறுக்க வேண்டும் என்று விதிகள் பிறந்தன. சாதாரண மக்களின் குறை ஒன்று ஆயிரம் ஆண்டு தாண்டி நம் கைக்கு வந்திருக்கிறது.

இத்தகைய பழம்பொருட்களைக் காக்கும் இலங்கையின் தொல்பொருள் சட்டம் 1940இல் வந்தது. எது தொல்பொருள் என்பதற்கு அது வைத்த எல்லைக்கோடு 1815 மார்ச் 2, கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள்.

மலையகத் தமிழரின் வரலாறோ அந்தக் கோட்டுக்கு அப்பால்தான் தொடங்குகிறது. 1820களில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து ஆட்கள், தங்களைத் திரட்டிய கங்காணிமாரோடு கடல் கடந்து, காடு நடந்து வந்தார்கள். 1869இல் கண்ட இலைநோய் கோப்பியை அழிக்க, பதுளையைச் சூழ்ந்த ஊவா மலைகளில் தேயிலை ஏறியது. துரைமாரின் தடங்கள் இன்றும் பத்திரமாக உள்ளன: 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்த மேஜர் ரொஜர்ஸின் நினைவாகப் பதுளையில் எழுந்த புனித மாற்கு தேவாலயம், சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அடிசம் பங்களா, லிப்டனின் தம்பேதன்னை தொழிற்சாலை.

தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயத்து வரிசை வீடுகளின் பொருட்களுக்கோ கதி வேறு. ‘துண்டு’ என்றொரு காகிதம் இருந்தது. தொழிலாளி பட்ட கடன் எவ்வளவு, அதைத் தீர்த்தால் வேறு தோட்டத்துக்கு அவரை விடலாம் என்று அதில் எழுதியிருக்கும். ஒரு குடும்பத்தின் நடமாட்டம் முழுவதும் அந்தத் தாளுக்குள் அடங்கியிருந்தது. 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது. அதற்கு முன்பே, 1900களின் தொடக்கத்தில், எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் மாட்டி ஆட்களை அக்கரையிலிருந்து அனுப்பும் வழக்கமும் வந்திருந்தது. தேய்ந்த கவ்வாத்துக் கத்தி, பித்தளைக் குடம், காமன் கூத்து உடுப்பு, தப்பு மேளம் எல்லாமே இந்த வரலாற்றின் சான்றுகள். பழைய இரும்பு, பித்தளை வாங்க வருபவரின் தராசில் இவற்றுக்கு எடைதான் உண்டு, வயது கிடையாது.

கம்பளைப் பக்கம் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் 2007இல் தொழிலாளருக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள், அதுவும் ஒரு பழைய லயத்திலேயே. ஊவாவிலும் அப்படியொன்று வேண்டும். தெமோதரையிலோ ஹாலி-எலயிலோ பழைய லயம் ஒன்றை இடிக்காமல் விட்டாலே இடம் கிடைத்துவிடும். தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் தத்தம் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் துண்டு, செக்ரோல் எனும் வேலைப் பதிவுத் தாள், பழைய படம் ஆகியவற்றை இப்போதே படம்பிடித்து, யாருடையது, எந்தத் தோட்டம் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வைக்கலாம்.