டிரெட்மில் இதயச் சோதனையில் ஆண்–பெண் வேறுபாடுகள்

டிரெட்மில் இதயச் சோதனை என்பது நகரும் பட்டையில் ஒருவரை நடக்கவிட்டு, வேகத்தையும் ஏற்றத்தையும் படிப்படியாகக் கூட்டி, அந்த உழைப்பை அவருடைய இதயம் எப்படித் தாங்குகிறது என்று பார்க்கும் முறை. மருத்துவமனைகளில் இதை டி.எம்.டி. என்பார்கள். இதயத் தமனிகளில் அடைப்பு இருக்குமா என்று கணிக்கவும், ஏற்கெனவே இதய நோய் உள்ளவர் எவ்வளவு உழைக்கலாம் என்று முடிவு செய்யவும், இனி வரும் ஆண்டுகளில் அவருக்குள்ள ஆபத்தை அறியவும் இது உதவுகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொறி ஒன்றே, படிகளும் ஒன்றே. கிடைக்கும் எண்களின் பொருள் மட்டும் ஒன்றல்ல. சோதனையின் அளவுகோல்களில் பல, நடுவயது ஆண்களை வைத்து உருவானவை. அவற்றை அப்படியே பெண்களுக்கும் பொருத்தியதால் நலமான இதயத்தை நோயுள்ளது என்றும், நோயுள்ள இதயத்தை நலமானது என்றும் சொல்லிவிடும் பிழைகள் நெடுங்காலம் நேர்ந்தன.

புரூஸ் முறையும் உழைப்புத் திறனும்

இன்று மிகப் பரவலாக வழங்கும் படிமுறையை வகுத்தவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இதய மருத்துவர் ராபர்ட் புரூஸ். 1963இல் வெளியான அந்த முறையில் ஒவ்வொரு படியும் 3 நிமிடம். முதல் படியில் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 விழுக்காடு ஏற்றம். இரண்டாவதில் 4 கிலோமீட்டர், 12 விழுக்காடு. மூன்றாவதில் 5.5 கிலோமீட்டர், 14 விழுக்காடு. உழைப்பை அளக்கும் அலகு மெட். ஓய்வாக உட்கார்ந்திருக்கும் உடல், எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவிடுவதாகக் கொள்வது வழக்கம். அதுவே 1 மெட். புரூஸ் முறையின் முதல் படிக்கு 4.5 முதல் 5 மெட் வரை தேவைப்படுகிறது.

இந்தக் கணக்கு இதய நோயாளிப் பெண்களிடம் எங்கே இடறுகிறது என்பதை 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மாரடைப்பு, பைபாஸ் அறுவை போன்றவற்றுக்குப் பின் மறுவாழ்வுப் பயிற்சியில் சேர வந்த 2,896 பேரின் மூச்சுக்காற்றை நேரடியாக அளந்து பார்த்தார்கள். உச்ச உழைப்பில் ஆண்களின் சராசரி, ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 19.3 மில்லிலிட்டர் ஆக்சிஜன். பெண்களின் சராசரி 14.5. மெட் கணக்கில் ஆணுக்கு 5.5, பெண்ணுக்கு 4.1. அப்படியானால் சராசரி ஆண் நோயாளி முதல் படியைக் கடந்துவிடுவார். சராசரிப் பெண் நோயாளிக்கு முதல் படியே அவருடைய உச்சத்தைத் தாண்டியது. அவர் இரண்டு நிமிடத்தில் இறங்கிவிட்டால், இதயம் முழு உழைப்பைத் தொடுவதற்கு முன்பே சோதனை முடிந்துபோகிறது. அடைப்பு இருந்தாலும் அது வெளிப்பட வாய்ப்பில்லை. இத்தகையவர்களுக்கு ஏற்றமே இல்லாமல் தொடங்கும் திருத்திய புரூஸ் முறையோ, சரிவைச் சிறிது சிறிதாகக் கூட்டும் முறையோதான் பொருந்தும்.

நடக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு நடப்பவரின் உண்மையான உழைப்பு, பொறி கணக்கிட்டுக் காட்டும் மெட் அளவைவிடக் குறைவு. அதுவரை டிரெட்மில்லில் ஏறியே இராத ஒரு பெண், சேலையோடு, பழக்கமில்லாத பட்டையில், கைப்பிடியை விடாமல் நடந்து தரும் எண்ணை நம்பி முடிவெடுக்கக் கூடாது. தளர்வான கால்சட்டை, பொருத்தமான ஷூ, தொடங்கும் முன் சற்றே நடைப் பழக்கம் ஆகியவை சோதனையின் துல்லியத்தோடு சேர்ந்தவை.

நோயற்ற பெண்ணுக்கும் அதே வயது ஆணைவிட உச்ச ஆக்சிஜன் அளவு குறைவுதான். பெண்ணின் இதயம் சிறியது. ஒரு துடிப்பில் அது வெளியேற்றும் ரத்தம் குறைவு. ஹீமோகுளோபினும் குறைவு. உடல் எடையில் தசையின் பங்கு குறைவாக இருப்பதால், கிலோ கணக்கில் வகுக்கும்போது இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரிகிறது. இந்தியாவில் இதோடு ரத்தசோகையும் சேர்ந்துகொள்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை உண்டு; ஆண்களில் அது 25 விழுக்காடு. ஹீமோகுளோபின் பார்க்காமல் ஒரு பெண்ணின் குறைந்த மெட் அளவுக்கு இதயத்தைக் காரணம் காட்டுவது பொறுப்பான மருத்துவம் ஆகாது.

பெண்களுக்கெனத் தனி அளவுகோல் 2005இல் கிடைத்தது. சிகாகோ பகுதியில் நோய்க்குறி இல்லாத பெண்களிடம் மார்த்தா குலாட்டியும் சக ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வின்படி, எதிர்பார்க்கும் மெட் அளவு என்பது 14.7இலிருந்து வயதின் 0.13 மடங்கைக் கழித்து வருவது. 55 வயதுப் பெண்ணுக்கு அது ஏறத்தாழ 7.5. எதிர்பார்த்த அளவில் 85 விழுக்காட்டை எட்டாத பெண்களின் இறப்பு ஆபத்து, எட்டியவர்களைப்போல் சுமார் இரு மடங்காக இருந்தது.

நாடித்துடிப்பு

உச்ச நாடித்துடிப்பை 220இலிருந்து வயதைக் கழித்துச் சொல்வது நெடுநாள் வழக்கம். 1970களின் தொடக்கத்தில் பரவிய இந்தச் சூத்திரம் பெண்களை வைத்துச் சரிபார்த்து உருவானதல்ல. சிகாகோ ஆய்வின் 5,437 பெண்களின் அளவுகளிலிருந்து 2010இல் வேறொரு சூத்திரம் வந்தது: 206இலிருந்து வயதின் 0.88 மடங்கைக் கழிக்க வேண்டும். 50 வயதுப் பெண்ணுக்குப் பழைய கணக்கு 170 என்றால் புதியது 162. உச்சத்தில் 85 விழுக்காட்டை எட்டினால்தான் சோதனை நிறைவுற்றதாக ஏற்கும் வழக்கத்தில், 138ஐ எட்டிய பெண்ணைப் பழைய கணக்கு 145ஐ எட்டவில்லை என்று ஒதுக்கிவிடும். பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், இந்த இலக்குகள் பொருந்தா.

எஸ்.டி. கோடும் அதன் குழப்பமும்

இ.சி.ஜி.யில் எஸ்.டி. எனப்படும் பகுதி 1 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ, கிடையாகவோ கீழ்நோக்கிச் சரிந்தோ இறங்கினால் சோதனை பாசிட்டிவ். பெண்களிடம் அதிகம் தடுமாறுவது இந்த அளவுகோல்தான். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1999இல் வெளியான பகுப்பாய்வின்படி, பெண்களில் இதன் கண்டறியும் திறன் 61 விழுக்காடு, விலக்கும் திறன் 70 விழுக்காடு. அடைப்புள்ள 100 பெண்களில் 39 பேரை இது தவறவிடுகிறது. அடைப்பில்லாத 100 பெண்களில் 30 பேரை வீணாக அச்சுறுத்துகிறது. ஆண்களிடமும் இது குறையற்ற சோதனை அல்ல; பெண்களிடம் குறை கூடுதல்.

காரணங்கள் பல. தமனி அடைப்பு பெண்களுக்குச் சுமார் பத்து ஆண்டு பிந்தி வருவதால், சோதனைக்கு வரும் நடுவயதுப் பெண்களில் நோயுள்ளவர் விகிதம் குறைவு; ஆகவே பாசிட்டிவ் முடிவுகளில் பொய்யானவை மிகுகின்றன. ஓய்விலேயே எஸ்.டி. மாற்றம் இருப்பது பெண்களிடம் அதிகம். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன், டிஜாக்சின் மருந்தைப்போல் எஸ்.டி. பகுதியை இறக்கக்கூடும் என்ற கருத்தும் உண்டு. போதிய உச்சத்தைத் தொடாமலே சோதனை நின்றுவிடுவது நோயைத் தவறவிடக் காரணமாகிறது.

பொய் பாசிட்டிவ் என்ற முத்திரையையும் அவசரமாகக் குத்தக் கூடாது. எஸ்.டி. இறங்கியது, நெஞ்சுவலியும் இருந்தது, ஆஞ்சியோகிராமில் பெரிய அடைப்பு இல்லை என்றால், முன்பெல்லாம் ஒன்றுமில்லை என்று பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய வைஸ் ஆய்வு இத்தகைய பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. இதயத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் தேவைக்கேற்ப விரியாததால் அவர்களில் பலருக்கு உண்மையிலேயே ரத்த ஓட்டக் குறைவு இருந்தது. பின்னாளில் மாரடைப்பு போன்றவை வரும் ஆபத்தும் இருந்தது. இ.சி.ஜி. சொன்னது சரி, பெரிய குழாய்களை மட்டும் காட்டும் ஆஞ்சியோகிராமின் பார்வைக்குத்தான் அது எட்டவில்லை.

முழு அறிக்கையைப் படிப்பது

நோய்க்குறி இல்லாத 2,994 பெண்களை 20 ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 2003இல் வெளியானது. அவர்களில் இதய நோயால் இறக்கப்போவோரை எஸ்.டி. இறக்கம் காட்டிக்கொடுக்கவில்லை, உழைப்புத் திறனும், நிறுத்திய பின் நாடித்துடிப்பு இறங்கும் வேகமும் காட்டிக்கொடுத்தன. பெண்ணின் அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியவை இவையே என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

டியூக் மதிப்பெண் முறை இந்தத் திசையில் ஒரு நல்ல முயற்சி. புரூஸ் முறையில் நடந்த நிமிடங்களிலிருந்து எஸ்.டி. மாற்றத்தின் 5 மடங்கையும், நெஞ்சுவலிக் குறியீட்டின் 4 மடங்கையும் கழிப்பார்கள். 5உம் அதற்கு மேலும் வந்தால் ஆபத்து குறைவு. −11உம் அதற்குக் கீழும் மிகுதி. இது இரு பாலாருக்கும் பயன்படுகிறது, ஆனால் ஒரே மதிப்பெண் பெற்ற ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் பிழைத்திருக்கிறார்கள். நடக்கும்போது ஏறும் மேல் ரத்த அழுத்தம் மிகை எனக் கருதும் எல்லையும் வேறு: ஆணுக்கு 210, பெண்ணுக்கு 190.

இதயச் செயலிழப்பிலும் இப்படியே. இதய மாற்று அறுவை பற்றி யோசிக்க உச்ச ஆக்சிஜன் 14 மில்லிலிட்டருக்குக் கீழ் என்ற எல்லை, பெரும்பாலும் ஆண் நோயாளிகளிடமிருந்து வந்தது. அதே அளவில் பெண்கள் அதிக நாள் வாழ்வதால், அவர்களுக்கு எதிர்பார்த்த அளவில் 50 விழுக்காடு அல்லது குறைவா என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது.

இத்தனை குறைகளுக்குப் பிறகும் பெண்களுக்கு டிரெட்மில்லைக் கைவிட வேண்டியதில்லை. நடக்கக்கூடிய 824 பெண்களை இரு குழுவாக்கி, ஒன்றுக்கு இ.சி.ஜி. மட்டும், மற்றொன்றுக்கு அணுக்கதிர்ப் படமும் சேர்த்துச் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. ஈராண்டில் இதயக் கேடுகள் இரு குழுவிலும் வேறுபடவில்லை. செலவு முதல் குழுவில் குறைவு. ஓய்வு இ.சி.ஜி. இயல்பாக இருந்து, 5 மெட் வரை உழைக்க இயலும் பெண்ணுக்கு இதையே முதலில் செய்யலாம். இயலாதவருக்கு மருந்து செலுத்திச் செய்யும் எக்கோ, அணுக்கதிர்ப் படம் ஆகியவை உண்டு.

டி.எம்.டி. செய்துகொள்ளும் பெண்கள், பாசிட்டிவா நெகட்டிவா என்பதோடு நில்லாமல், எத்தனை மெட், நாடி எவ்வளவு ஏறியது, நிறுத்திய முதல் நிமிடத்தில் எவ்வளவு இறங்கியது என்று மருத்துவரிடம் கேளுங்கள். முதல் நிமிட இறக்கம் 12 துடிப்புக்கு மேல் இருப்பதே நலம். முடிவு நெகட்டிவ் என்று வந்த பிறகும் நடக்கும்போது மூச்சிரைப்போ, தாடையிலோ முதுகிலோ வலியோ, வழக்கமில்லாத களைப்போ தொடர்ந்தால், அந்தத் தாளை நம்பிச் சும்மா இருக்காமல் மீண்டும் மருத்துவரைப் பாருங்கள்.