அங்காடிகளின் வீழ்ச்சியும் ஊரவர் வாழ்வும்: ஒரு வரலாற்று நோக்கு

மன்னரின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் எழுதுவதே வரலாறு எனக் கருதிய காலம் மலையேறிவிட்டது. மக்கள் எதனை உண்டனர், எங்கே வாங்கினர், வாங்கிய இடம் மூடப்பட்டபோது யாது செய்தனர் என்பனவும் வரலாற்று மாணவன் ஆராய வேண்டியனவேயாம். காவிரிப்பூம்பட்டினத்தின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் பழந்தமிழ் நூல்கள் விரித்துரைக்கின்றன. அந்நகரைக் கடல் கொண்டது என்பது மரபு. நம் காலத்து அங்காடிகளோ கடல் பொங்காமலே மறைகின்றன. நேற்று மாலைவரை விளக்கெரிந்த கடையின் கதவில் இன்று காலை பூட்டுத் தொங்குகின்றது. காரணம் யாதெனக் கேட்டால், அக்கடையில் நின்று விற்றவனுக்கும் தெரிவதில்லை. நூற்றுக்கணக்கான கிளைகளோடு விளங்கிய பெருங்கடைகள் திடீரென வீழ்வது ஏன்? வீழ்ந்தபின் ஊரவர் செய்வது யாது? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே, ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் முந்தல் களப்பும் அமைய விளங்குவது உடப்பு. திரௌபதை அம்மன் கோயில் தீமிதி விழாவால் நாடறிந்த இத்தமிழூரில் கரைவலையே நெடுங்காலத் தொழில். தென்மேற்பருவக் காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும், தொழில் தளரும். அக்காலத்தில் கரையோர ஊர்களின் அடுப்பை எரியச் செய்வது கடைக்காரரின் கொப்பியில் ஏறும் கடனேயாகும். வலையில் மீன் பட்டதும் கொப்பியில் கோடு விழும். இத்தகைய ஊரில் கடையொன்று மூடப்படுமாயின், அதனோடு ஓராண்டு வாழ்க்கைக் கணக்கே குலைந்துவிடும். ஆதலின், பெருங்கடைகளின் வீழ்ச்சி நகரத்தார் கவலை என்று நாம் வாளா இருத்தல் தகாது.

இக்காலச் சில்லறை வணிகத்தின் இருவேறு நெறிகளும் 1844ஆம் ஆண்டில் வேர்கொண்டமை குறிப்பிடத்தக்கது. இலங்கையின் காகில்ஸ் நிறுவனம் அவ்வாண்டையே தன் தோற்றத்தின் ஆண்டாகக் கொள்கின்றது. ஆங்கிலேயத் தோட்டத்துரைமாரின் தேவைகளை நாடி எழுந்த அந்நிறுவனம், 1946இல் சேர் சிற்றம்பலம் காடினர் அவர்களின் பொறுப்பில் பொதுக் கம்பெனியாகி, 1983இல் கொழும்பில் தன் முதலாவது பேரங்காடியைத் திறந்தது. அதே 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் நெசவாளர் முதலிய உழைப்பாளிகள் 28 பேர் தத்தம் சிறு பணத்தைச் சேர்த்துக் கூட்டுறவுக் கடையொன்றைத் திறந்தனர். முன்னையது முதலீட்டாளரின் கடை. பின்னையது வாங்குவோரே உடைமையாளராகிய கடை. கடை மூடப்படுவதன் மருமம் இவ்வேறுபாட்டினுள்ளேதான் பெரிதும் அடங்கிக் கிடக்கின்றது.

வீழ்ச்சிக்குரிய காரணங்களுள் முதலாவது, வாங்குவோர் கூட்டமே மறைதல். வைற்றவே லெயிட்லோ என்னும் கம்பெனி 1882இல் கல்கத்தாவில் தோன்றி, சென்னை, கொழும்பு முதலிய கீழைத்தேய நகரங்களெங்கும் கிளை பரப்பியது. கடன் கொடாது கைக்காசுக்கே விற்பது அதன் கொள்கை. குடியேற்ற ஆட்சி ஒழிந்து ஆங்கிலேயர் கப்பலேறியதும் அதன் வாழ்வும் தேய்ந்தது. 1962அளவில் அக்கம்பெனி மறைந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் அதற்கிருந்த மாளிகை சுதேசமித்திரன் பத்திரிகையின் இல்லமாயிற்று. இவ்வீழ்ச்சியில் புதிர் எதுவுமில்லை. ஆட்சியோடு வந்த கடை ஆட்சியோடு போயிற்று.

இரண்டாவது காரணம் நுட்பமானது: காலூன்றிய நிலத்தையே விற்றுவிடுதல். 1909இல் லிவர்ப்பூலில் முதற்கடை திறந்து, ஆங்கில நாட்டின் ஒவ்வொரு கடைத்தெருவிலும் காணப்பட்டது வூல்வேர்த் நிறுவனம். இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது தன் கடைக் கட்டடங்கள் பலவற்றை விற்றுவிட்டு, அவற்றிலேயே வாடகைக்கு அமர்ந்தது. சொந்தக்காரன் குடியிருப்பாளன் ஆனான். வாடகை ஏறியது, விற்பனை தளர்ந்தது, கடன் பெருகியது. 2008இன் உலக நிதி நெருக்கடியில், சரக்கைக் கடனுக்கு அனுப்பியோரும் கைவிரித்தனர். அவ்வாண்டு நவம்பரில் நிறுவனம் நொடித்தது. 2009 சனவரி 6ஆம் நாளுக்குள் 807 கடைகளும் மூடப்பட்டன. ஏறத்தாழ 27,000 பேர் தொழிலிழந்தனர். அக்கடைகளுள் இலாபம் ஈட்டியனவும் இருந்தன. ஆயினும் மரம் சாயும்போது காய்த்த கிளை மட்டும் நிற்பதுண்டோ?

மூன்றாவது காரணம், கடன் மீது எழுந்த மிகுவேக வளர்ச்சி. 1997இல் சென்னைத் திருவான்மியூரில் முதற்கடை திறந்த சுபிட்சா, குளிரூட்டலும் அலங்காரமுமின்றி மலிவு விலையொன்றையே பெருமையாகக் கொண்டு வளர்ந்தது. மளிகைப் பொருளோடு நில்லாது, மருந்து, காய்கறி, கைத்தொலைபேசி எனப் பல துறைகளிற் புகுந்து, சில ஆண்டுகளுக்குள் இந்தியாவெங்கும் ஏறத்தாழ 1,600 கிளைகள் கண்டது. இவ்வளர்ச்சிக்கு வேண்டிய பணம் பெரும்பாலும் கடனாகவே வந்தது. 2008இல் கடன் ஊற்று வற்றியதும், சரக்கு வாங்கவும் சம்பளம் கொடுக்கவும் வாடகை செலுத்தவும் கையிற் காசில்லை. 2009இன் தொடக்க மாதங்களில் தட்டுகள் வெறுமையாயின, கதவுகள் அடைபட்டன. கூலி பெறாத காவலர் விலகியபின் கடைகள் பல சூறையாடப்பட்டன. முதற்கடை தோன்றிப் பன்னிரண்டு ஆண்டுகள்கூட முழுமையாக நிறையவில்லை.

இனி, நம் நாட்டுக்கே உரிய நான்காவது காரணத்தை நோக்குவோம். அது அரசாணையால் எழுந்த கடை அரசாணையாலேயே தளர்தல். உலகப் போரினால் அரிசி வரவு குன்றியபோது, 1942இல் இலங்கையில் பங்கீட்டு முறை வந்தது. பங்கீட்டுப் பொருளை மக்களிடம் சேர்க்கக் கூட்டுறவுப் பண்டகசாலைகள் ஊரூராக எழுந்தன. அவற்றையே நம்மவர் சங்கக்கடை என்றும் கூப்பன் கடை என்றும் வழங்கினர். மொத்தக் கொள்வனவுக்காகத் தோன்றிய கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம், 1949ஆம் ஆண்டின் சட்டத்தால் கூட்டுத்தாபனமாகிச் சதொச என்னும் பெயரால் அறியப்பட்டது. 1957 முதல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்படுத்தப்பட்டன. கிளைகளின் தொகையாலும் பரப்பாலும் நோக்கின், நம் நாடு கண்ட மாபெரும் கடைத்தொடர் இதுவே எனலாம்.

அதன் தளர்ச்சி இரு படிகளில் நிகழ்ந்தது. 1970இல் இயற்றப்பட்ட சிறப்புச் சட்டத்தின்கீழ், ஆயிரக்கணக்கான சிறு சங்கங்கள் நானூற்றுக்கும் குறைந்த பெருஞ்சங்கங்களாக இணைக்கப்பட்டன. இயக்குநர் சபைகளில் அரசு நியமித்தோர் இடம்பெற்றனர். தன் ஊர்ச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்ட உறுப்பினன், தொலைவிலுள்ள பெருஞ்சங்கத்தின் ஒரு கிளைக்கு வாடிக்கையாளன் மட்டுமே ஆனான். அடுத்து, 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தது. 1978இல் பங்கீடு வருமானம் குறைந்த குடும்பங்களோடு நின்றது. 1979இல் கூப்பனுக்குப் பதிலாக உணவு முத்திரை புகுந்தது. கட்டாயத்தால் வந்த கூட்டம் கட்டாயம் நீங்கியதும் கலைந்தது. சங்கக்கடைகள் ஒரே நாளில் மூடப்படவில்லை. ஒவ்வொன்றாக ஒளி மங்கின. சதொசவும் நட்டத்தில் ஆழ்ந்தமையால், 2005இல் லங்கா சதொச என்னும் புதுக் கம்பெனி அமைக்க நேர்ந்தது.

இந்நான்கு காரணங்களையும் ஒருங்கு நோக்கின் ஓருண்மை புலப்படும். கடை மூடப்படுவது பெரும்பாலும் அவ்வூரார் வாங்காமையால் அன்று. கிளை நம் ஊரில், வேர் வேறிடத்தில். வேர் கடனில் அழுகினும், நிலத்தை இழப்பினும், ஆணையால் அறுபடினும், ஊரார் எத்துணை வாங்கினும் கிளை பட்டுப்போகும்.

ஊரவர் இதனை எவ்வாறு எதிர்கொள்கின்றனர்? முதலில் எழுவது பரபரப்பு. வூல்வேர்த் மூடப்பட்ட நாட்களில் மக்கள் திரண்டு, மலிவு விலைக்குச் சரக்கை அள்ளிச் சென்றனர். ஈற்றில் தட்டுகளும் அலுமாரிகளும் கூட விலைப்பட்டன. பல ஆண்டு அக்கடையை எட்டிப் பாராதோரும் அதற்காகக் கண்ணீர் வடித்தனர். அடுத்து எழுவது சினம். 1953இல் பங்கீட்டரிசியின் மானியம் வெட்டப்பட்டு, ஒரு கொத்தின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமானபோது, ஆகஸ்து 12ஆம் நாள் நாடளாவிய ஹர்த்தால் வெடித்தது, உயிர்கள் பலியாயின, பிரதமர் டட்லி சேனநாயக்கா சில வாரங்களில் பதவி துறந்தார். அங்கே கடை மூடப்படவில்லை. அதன் பயன் மூடப்பட்டது. மக்களுக்கு இரண்டும் ஒன்றே.

மூன்றாவது நிலையே நம் கருத்துக்குரியது. அது மீண்டும் கட்டுதல். இங்கிலாந்தின் டோர்செஸ்டர் நகரில், மூடப்பட்ட வூல்வேர்த் கடையின் முகாமையாளராயிருந்தவரே பழைய ஊழியரைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு மாத அளவில் அதே கட்டடத்தில் புதுக்கடை திறந்தார். நகர் மகிழ்ந்தது, ஆயினும் அக்கடை சில ஆண்டுகளே நிலைத்தது. நன்மனம் தொடக்கத்துக்குப் போதும். நிலைபேற்றுக்கு உடைமையும் முதலும் வேண்டும். 1904இல் சென்னையில் எழுந்த திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் உறுப்பினரின் பங்குப்பணத்தை அடித்தளமாகக் கொண்டமையால் நூற்றாண்டைக் கடந்தது. நம் நாட்டிலும், தளர்ந்த கூட்டுறவு முற்றாக அழியவில்லை. போர்க்காலத்தில் பெருவணிகர் செல்லாத வட பகுதிகளில் நிவாரண அரிசியை அளந்து கொடுத்தது சங்கக்கடையே. 1990இல் வடக்கினின்றும் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்த முஸ்லிம் மக்களுக்கு உலருணவு வழங்கியதிலும் கூட்டுறவுக் கடைகளுக்குப் பங்குண்டு. பயனற்றதெனத் தள்ளிய தூணே புயலிற் கூரையைத் தாங்கியது.

ஈண்டு ஒரு மறுப்பு எழலாம். ஊர்க்கடையின் கொப்பி உழைப்பாளியைக் கட்டும் கயிறும் ஆவதில்லையா? சங்கக்கடையில் நிறைகுறைவும் ஊழலும் இருந்ததில்லையா? பேரங்காடி குறித்த விலையும் நல்ல சரக்கும் தருவதில்லையா? இவையாவும் உண்மையே. எனவே பேரங்காடியைப் பகைக்க வேண்டும் என்பது எம் கருத்தன்று. அது வரட்டும்; மலிவாயின் வாங்குவோம். ஆனால், அது வந்த மகிழ்ச்சியில் ஊர்க்கடையையும் சங்கக்கடையையும் பட்டினியாற் சாகவிடுதல் அறிவுடைமையன்று. கடல் கொந்தளிக்கும் மாதத்தில் கடன் கொடுக்கும் கை எது, தலைமையகம் நொடித்தாலும் நம்மிடையே நிற்கும் கதவு எது என்பதைக் கரையோர மக்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். புதுக்கடை எதனை நோக்கியும் மூன்று வினாக்கள் எழுப்புதல் நலம்: இதன் முதல் யாருடையது? இந்நிலம் யாருடையது? இதனை மூடும் அதிகாரம் எங்கேயுள்ளது?

மாணவருக்கு ஒரு வேண்டுகோள். பழைய பெட்டிகளில் கூப்பன் புத்தகங்களும் சங்கப் பங்குச் சீட்டுகளும் கடைக் கொப்பிகளும் கறையானுக்கு இரையாகின்றன. அவை உங்கள் பாட்டனாரின் பசியையும் நாணயத்தையும் பதிந்த ஆவணங்கள். அவற்றைத் தேடி எடுங்கள். முதியோரைக் கேட்டு எழுதிவையுங்கள். எக்கடை எவ்வாண்டு திறந்தது, எதனால் மூடப்பட்டது, அப்போது ஊர் எவ்வாறு உண்டது என்னும் வரலாற்றை நாமே எழுதாவிடின் வேறெவரும் எழுதப்போவதில்லை. முன்னொரு பூட்டின் காரணத்தை அறிந்த ஊரே அடுத்த பூட்டுக்கு ஆயத்தமாக நிற்கும்.